கட்டட வேலையும் கணக்கு நோட்டும்

வீடு கட்டும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அங்கே வேலை செய்பவர்கள். சிலர் சொந்தமாகவே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருக்கலாம்.

அங்கே என்ன இருக்கும்? மணல், ஜல்லி, செங்கல், கம்பி, சிமெண்ட். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. பல வருடச் சேமிப்பு. போதாததற்குக் கடன். ஆனால் அந்த இடத்துக்குக் கதவு இல்லை. பூட்டு இல்லை. சுவரே இன்னும் எழும்பவில்லை. பணத்தைத் தெருவில் கொட்டி வைத்தது போலத்தான்.

பொருள் காணாமல் போகாமல் இருக்க என்ன செய்வது? வேலி போடலாம். விளக்குப் போடலாம். ஆள் வைக்கலாம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று வேண்டும். அது இல்லாமல் ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கேளுங்கள். இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு.

யார் எடுத்தது?

பெங்களூரு நகரத்தின் ஓரம். 20 அடிக்கு 30 அடி இடம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி நான்கு வீடுகளில் சமையல் செய்கிறார். தமிழ்க் குடும்பம். பதினைந்து வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். மேஸ்திரி தருமபுரிப் பக்கத்துக்காரர். வாட்ச்மேன் ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தகர ஷெட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தங்கியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை. கணவர் சவாரிக்குப் போகும் வழியில் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். மணல் குவியலைப் பார்த்தார். வியாழக்கிழமை இறக்கிய மணல். அன்று இடுப்பு உயரம் இருந்தது போல் நினைவு. இன்று தாழ்ந்து கிடந்தது.

கம்பியைப் பார்த்தார். 8 மி.மீ. கம்பி 60 வாங்கியிருந்தார். எண்ணினால் 40 தான் இருந்தது. சிமெண்ட் மூட்டைகளை எண்ணினார். 6 மூட்டை குறைந்தது.

"ராத்திரி இங்கே யார் இருக்கிறது? நீதானே?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"நான் எடுக்கலை சார்" என்றார் வாட்ச்மேன். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மீதியைக் கன்னடத்தில் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மேஸ்திரியும், "ஆளை மாத்திடுங்க அண்ணே" என்றார். 11 நாள் சம்பளம் பாக்கி. அதைக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஷெட் காலி ஆனது. பிள்ளைகள் இருவரும் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை கம்பி கட்டுபவர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். "கம்பி எங்கே போச்சு? சனிக்கிழமை நான்தானே ரிங் போட்டேன்" என்றார். பின்பக்கம் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். கம்பி ரிங்குகள் குவியலாகக் கிடந்தன. மீதி, நின்றிருந்த பில்லர்களில் கட்டப்பட்டிருந்தன.

மனைவிக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

கம்பிக் கணக்கு

அவர் எழுத்தறிவு வகுப்புக்குப் போனவர். கூட்டல், பெருக்கல் தெரியும். உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

ஒரு கம்பியின் நீளம் 12 மீட்டர். அடிக் கணக்கில் 39 அடிக்குச் சற்று மேல். ஒரு ரிங்குக்கு 3 அடி கம்பி வேண்டும் என்றால், ஒரு கம்பியில் 13 ரிங் வரும். 20 கம்பியில் 260 ரிங். தார்ப்பாயின் கீழே இருந்ததையும் பில்லரில் இருந்ததையும் எண்ணினார். கணக்குச் சரியாக வந்தது. ஒரு கம்பிகூடத் திருட்டுப் போகவில்லை.

கம்பி வாங்கும்போதே இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கம்பியை எடை போட்டு விற்கிறார்கள். ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று நாமே கண்டுபிடிக்கலாம். கம்பியின் கனத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை 162 ஆல் வகுங்கள். 12 மி.மீ. கம்பி என்றால் 12 × 12 = 144. இதை 162 ஆல் வகுத்தால் 0.89. அதாவது மீட்டருக்கு 890 கிராம். முழுக் கம்பி சுமார் 10 கிலோ 650 கிராம். இதே முறையில் 8 மி.மீ. கம்பி சுமார் 4 கிலோ 700 கிராம் வரும். 500 கிலோ 12 மி.மீ. கம்பி வாங்கினால் சுமார் 47 கம்பி இருக்க வேண்டும். ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். 40 தான் இறங்கியது என்றால், திருட்டு உங்கள் இடத்தில் நடக்கவில்லை. லாரி வரும் முன்பே நடந்துவிட்டது.

மணல் ஏன் தாழ்ந்தது?

மணலையும் யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. இதை நம்ப உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டிலேயே செய்து பாருங்கள்.

ஒரு வாளியில் நன்றாகக் காய்ந்த மணலை விளிம்பு வரை நிரப்புங்கள். அதைத் தரையில் கொட்டுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். மாவுக்குத் தண்ணீர் தெளிப்போமே, அந்த அளவுதான். மறுபடியும் வாளியில் போடுங்கள். எல்லா மணலும் வாளிக்குள் போகாது! மீதம் நிற்கும்.

ஈர மணலில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தண்ணீர் ஏடுபோல் ஒட்டிக்கொள்கிறது. மணிகள் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் விலகி நிற்கின்றன. அதனால் மணல் உப்பித் தெரிகிறது. கால் பங்கு வரைகூட அதிகமாகத் தெரியும். பொடி மணலாக இருந்தால் இன்னும் அதிகம். ஆற்று மணலும் அப்படித்தான். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் அப்படித்தான். ஈரம் காய்ந்ததும் குவியல் தாழ்ந்துவிடும்.

வியாழக்கிழமை அந்த வீட்டில் இறங்கியது ஈர மணல். நான்கு நாள் வெயிலும் காற்றும் அடித்தன. அவ்வளவுதான் நடந்தது.

ஈர மணலை வாங்கும்போது உண்மை அளவு தெரிய ஒரு வழி உண்டு. ஒரு வாளியில் அந்த மணலைப் போட்டு மட்டம் தட்டுங்கள். வெளியே கொட்டுங்கள். வாளியில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். கொட்டிய மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட்டுக் கலக்கிவிடுங்கள். முழுக்க நனைந்த மணல் உப்பி நிற்காது. அடங்கிவிடும். வாளியில் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவு காற்றுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்!

லாரியில் வரும் மணலை லாரியிலேயே அளக்க வேண்டும். உள்நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் உயரம் இரண்டரை அடி என்றால், 10 × 6 × 2½ = 150 கன அடி. இறக்கிய பிறகு அளப்பது கடினம்.

சிமெண்ட் போனால் வீடு போகும்

சிமெண்ட் கதை வேறு. 6 மூட்டை நிஜமாகவே காணாமல் போயிருந்தது. யார் எடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. சிமெண்ட் வைத்திருந்த அறைக்குக் கதவே இல்லை. வேலைக்கு வந்தவர், லோடு இறக்க வந்தவர், தெருவில் போனவர் என்று யார் வேண்டுமானாலும் நுழையலாம். கதவு போடாதது வாட்ச்மேன் குற்றமா?

6 மூட்டை சிமெண்ட் என்றால் அதன் விலை மட்டும்தானே நஷ்டம் என்று நினைக்காதீர்கள். 20 அடிக்கு 30 அடி கூரை. 5 அங்குல கனம். அது 250 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று கலந்தால், 100 கன அடிக்குச் சுமார் 23 மூட்டை வேண்டும். முழுக் கூரைக்கும் 57 மூட்டை. அதில் 6 குறைந்தால், ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு.

முன்கூட்டியே தெரிந்தால் 6 மூட்டை வாங்கி வைத்துவிடலாம். தெரியாவிட்டால்? கான்கிரீட் போடும் நாளில் பிற்பகல் 3 மணிக்குச் சிமெண்ட் தீரப்போவது தெரியும். கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். கூரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "கொஞ்சம் குறைச்சுப் போட்டு ஓட்டிடலாம்." அப்படிக் குறைத்த மூலை எது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அதன் கீழேதான் பிள்ளைகள் படுத்துத் தூங்கும்.

சிமெண்டுக்குக் கதவும் பூட்டும் உள்ள ஓர் அறை கட்டாயம் வேண்டும். தகர ஷெட் போதும். தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். அப்படி இருந்தால் வாசலில் நின்றே எண்ணிவிடலாம். பழைய மூட்டையை முதலில் எடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டின் பலம் குறைந்துவிடும். அதனால் மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கி அடுக்குவதில் இரண்டு ஆபத்து. திருடனுக்கும் வசதி, ஈரத்துக்கும் வசதி.

நோட்டு வந்தது

அந்த மனைவி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள் போட்டார். தேதி. பொருள். வந்தது. வேலைக்குப் போனது. மீதி. கையெழுத்து. அவ்வளவுதான்.

லோடு வந்தால் எண்ணி எழுதுவார். சீட்டை அதே பக்கத்தில் குத்தி வைப்பார். சாயங்காலம் சமையல் வேலை முடிந்து வந்ததும் மேஸ்திரியிடம் கேட்பார்: "இன்னிக்கு எத்தனை மூட்டை?" மேஸ்திரி சொல்வார். காலிச் சாக்கையும் எண்ணுவார். 9 மூட்டை கலந்தோம் என்றால் 9 காலிச் சாக்கு இருக்க வேண்டும். பிறகு மேஸ்திரி கையெழுத்துப் போடுவார்.

முதலில் மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "என்னை நம்பலையா அக்கா?" என்று கேட்டார்.

"நம்புறேன் மேஸ்திரி. ஒருத்தரை நம்பாம அனுப்பிட்டேன். இனிமே அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்" என்றார் அவர்.

மேஸ்திரி சும்மா இருந்தார். ஒரு வாரத்தில் அவரே நோட்டைத் தேட ஆரம்பித்தார். காரணம் உண்டு. சென்ட்ரிங் தகடு, முட்டுக் கம்பம், ஜாக்கி எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. ஒரு தகடு தொலைந்தால் மேஸ்திரி கையிலிருந்துதான் பணம் போகும். எத்தனை வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று எழுதி வைத்தால் கடைக்காரரோடு சண்டை இல்லை. தகட்டின் ஓரத்தில் பெயின்டால் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. கலவை மெஷின்காரர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் எல்லோருக்கும் இது பொருந்தும். கரணையும் ரசமட்டமும் தொலைந்தால் முதலாளிக்கு நஷ்டமில்லை. கம்பி வெட்டும் மெஷின் தொலைந்தால் கம்பி கட்டுபவருக்கு அடுத்த நாள் வேலையே இல்லை. பூட்டும் அறையில் அவர்கள் சாமான் வைக்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றை முதல் நாளே பேசிவிடுங்கள். வெட்டிய துண்டுக் கம்பியும் காலிச் சாக்கும் யாருக்கு? சில இடங்களில் அது வேலையாட்களுக்கு. சில இடங்களில் வீட்டுக்காரருக்கு. பேசாமல் விட்டால் ஒருவர் தம் உரிமை என்று எடுப்பார். மற்றவர் திருட்டு என்பார். பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

எப்போது போகிறது?

பொருள் காணாமல் போவது எப்போதும் நடுராத்திரியில்தான் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. வேலை முடியும் நேரத்தில் எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் போகும். சனிக்கிழமை சம்பளம் போடும் கூட்டத்தில் போகும். லோடு இறக்கும்போதே இரண்டு மூட்டை லாரியில் தங்கிவிடும். உகாதி, தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். ஒரு வாரம் இடம் காலி. அந்த வாரத்துக்கு முன்னால் கம்பி இறக்காதீர்கள். அந்த வாரத்துக்கு வேண்டிய பொருளை அந்த வாரம் வாங்குவது நல்லது.

வீடு முடியும் தறுவாயில் ஆபத்து அதிகம். செம்புக் கம்பி, குழாய், சுவிட்ச், மோட்டார் எல்லாம் சின்னப் பொருள்கள். பையில் போட்டுக்கொண்டு போகலாம். பழைய இரும்புக் கடையில் உடனே காசாகும். முதலில் வாசல் கதவும் ஜன்னல் கம்பியும் போடுங்கள். பூட்டுங்கள். அதன் பிறகு வயர் இழுக்கலாம். குழாய்களைக் குடிபோகும் வாரத்தில் மாட்டினால் போதும்.

வாட்ச்மேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டில், தண்ணீர் வசதி இல்லாத ஷெட்டில் குடும்பத்தோடு இருக்கச் சொல்கிறோம். ராத்திரி முழுவதும் கண் விழிக்கவும் சொல்கிறோம். பகலில் அவர் மனைவியைச் செங்கல் சுமக்கக் கூப்பிடுகிறோம். அவருக்கு விளக்கு வேண்டும். கழிப்பறை வேண்டும். வீட்டுக்காரர், மேஸ்திரி, பக்கத்து வீட்டார் போன் எண்கள் வேண்டும். திருடனோடு கட்டிப் புரள்வது அவர் வேலை இல்லை. சத்தம் போட வேண்டும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அது போதும்.

உடைப்பவர்கள்

எடுத்துப் போகாமல் கெடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் நம் தெருப் பிள்ளைகள்தான். காயாத சிமெண்ட் தரையில் பெயர் எழுதுவார்கள். கூரையில் தண்ணீர் நிற்கக் கட்டிய பாத்தியை உடைத்து விளையாடுவார்கள். கூரைக்கு ஏழு நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்து போனால் வெடிப்பு வரும். வயர் போகும் குழாயில் கல்லைப் போட்டுவிட்டால், பிறகு சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். குழாய் வாய்களைத் துணியாலோ மூடியாலோ அன்றன்றே அடைத்துவிடுங்கள்.

பிள்ளைகளை விரட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழி மூடியிருக்கிறதா? பெங்களூருவில் இதைச் சம்ப் என்பார்கள். ஆள் உயரத்துக்குமேல் ஆழம் இருக்கும். அதில் குழந்தை விழுந்தால் யார் பதில் சொல்வது? குழிக்குக் கனமான மூடி போடுங்கள். இடத்தைச் சுற்றித் தகரமோ வலையோ கட்டுங்கள். வேலி பொருளுக்கு மட்டும் இல்லை.

பிடிபட்டால்

திருடும்போது ஒருவர் பிடிபட்டால் கூட்டம் கூடும். கட்டி வைத்து அடிப்பார்கள். இது பெரிய குற்றம். அடித்தவர்கள் சிறைக்குப் போக நேரும். வெளியூர்க்காரர், வேறு மொழி பேசுகிறவர் என்றால் சந்தேகம் முதலில் அவர் மேல்தான் விழுகிறது. கை ஓங்கும் முன் யோசியுங்கள். கண் முன்னால் திருடியவரைப் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அதிகம் போனால் 6 மணி நேரம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 303 ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பொருளின் விலை 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவைதான் தண்டிக்கப்படுகிறார், பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், தண்டனை சமூக சேவை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம். 317 ஆம் பிரிவு. பழைய இரும்புக் கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

திருட்டுப் போனால் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பெரிய நகரமாக இருந்தால் அங்குள்ள மேல் அதிகாரிக்கு அனுப்பலாம். "நிறையப் போச்சு சார்" என்று எழுதினால் பயனில்லை. என்ன பொருள், எத்தனை, எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள், யார் பெயரில் பில் என்று எழுத வேண்டும். நோட்டு இருந்தால் அதைப் பார்த்தே எழுதிவிடலாம்.

முதல் பக்கம்

அந்த வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. "வாட்ச்மேன் அண்ணன். 11 நாள் சம்பளம். நாம் கொடுக்க வேண்டியது" என்று எழுதியிருந்தது. மீதி என்ற கட்டத்தில் அதே தொகை பல வாரம் நின்றது.

கணவர், "அவர் எங்கே இருக்கிறாரோ" என்றார். மனைவி விடவில்லை. பக்கத்துத் தெருவில் வேலை நடந்த இடத்து வாட்ச்மேனிடம் விசாரித்தார். அவருக்கு அதே ஊர்ப் பக்கம். அவர் இன்னொருவரிடம் கேட்டார். கூரை போட்ட மறு மாதம் தகவல் கிடைத்தது. நகரத்தின் மறு ஓரத்தில் வேறு ஒரு கட்டடத்தில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆட்டோவில் போனார்கள். பணத்தைக் கொடுத்தார்கள். கணவர், "தப்பு எங்க மேலதான் அண்ணா" என்றார். வாட்ச்மேன் பணத்தை எண்ணினார். நோட்டில் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவி அதன் பக்கத்தில் தேதி எழுதி, மீதி என்ற கட்டத்தில் சுழி போட்டார்.

"திரும்ப எங்க இடத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்.

வாட்ச்மேன் தலையை ஆட்டினார். இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்.